தோட்டப் பத்திரிகைப் பெட்டி

1986 மார்ச்சில், டெவன்டர் நகர ஏலக்கூடம் ஒன்றில், டினேகா போஸ்ட்மா முதன்முறையாக ரூலோஃப் ஹாவிங்காவிடம் தோற்றார். கைநழுவிப் போனவை, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில் புத்தகக் கடை நடத்திய ஒரு விதவையின் கடிதங்கள். காகிதம் நனைந்து வந்தது, பாரிஸ்காரர் பதில் போடவில்லை, லண்டனுக்கு அனுப்பிய பெட்டியை எலி கடித்தது என்று முழுக்கக் கடைப் புலம்பல். டினேகாவுக்குப் பாலாடைக்கட்டிக் கடை. அந்தப் புலம்பல் தனக்கே சேர வேண்டியது என்று அவர் நம்பினார். ரூலோஃப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். அவருக்கென்ன தெரியும் கடையைப் பற்றி?

அதன்பின் டினேகா பழைய புத்தக வணிகர்களின் விற்பனைப் பட்டியல்களாக வாங்கிக் குவித்தார். ரூலோஃபோ ஒவ்வொரு டிசம்பரிலும் வாழ்த்து அட்டைக்குப் பதிலாக விதவையின் கடிதம் ஒன்றின் நகலை அனுப்புவார். டினேகா அதைப் படித்துவிட்டுத்தான் கிழிப்பார்.

சென்ற இலையுதிர்காலத்தில் ஓர் ஏலம். அதற்கு முந்தைய நாள், பொருள்களைப் புரட்டிப் பார்க்க விடுவார்கள். பழைய பிரசங்கங்கள் நிறைந்த பெட்டிக்குள் அது கிடந்தது: விதவை இறந்தபின் அவர் கடைச்சரக்கை ஏலம் விடுவதற்காக அச்சிட்ட பட்டியல். எந்தப் புத்தகம் யாருக்குப் போனது என்று ஓரங்களில் அன்றைக்கே யாரோ மையால் குறித்திருந்தார்கள். இன்னொரு பிரதி எங்கும் இருப்பதாக டினேகா கேள்விப்பட்டதில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் ரூலோஃபின் இருமல் கேட்டது.

வேண்டியதைப் பெட்டியின் அடியில் தள்ளி மறைப்பது அந்தக் கூட்டத்தில் எல்லோரும் செய்வதுதான். டினேகா ஒரு படி மேலே போனார். பட்டியலைப் பக்கத்துப் பெட்டியில், டூலிப் வளர்ப்புப் பத்திரிகைகளுக்கு நடுவே செருகினார். அதை யாரும் சீந்த மாட்டார்கள்.

மறுநாள் அந்தப் பெட்டிக்கு டினேகா கை தூக்கியதும் ரூலோஃப் திரும்பிப் பார்த்தார்.

“என்ன டினேகா, தோட்டம் போட்டிருக்கியா?”

“போடலாம்னு இருக்கேன்.”

“மூணாவது மாடியிலயா? ஜன்னல்ல ஒரு பூந்தொட்டிகூட கெடையாதே உனக்கு.”

சொல்லிக்கொண்டே அவரும் கை தூக்கினார். உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. டினேகாவுக்கு அது வேண்டும் என்பது தெரிந்தது, அதுவே போதும். கடைக்குப் புதுக் குளிர்பெட்டி வாங்க வைத்திருந்த பணம் மொத்தத்தையும் ஏலத்தொகை தாண்டிய பிறகுதான் டினேகா கையை இறக்கினார்.

ரூலோஃப் அங்கேயே பெட்டியைப் பிரித்தார். பட்டியலைக் கண்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“இதைப் பாத்துட்டுத்தான் தோட்டம் போடக் கெளம்பினியா?”

முதலில் கண்டெடுத்தது தான்தான் என்று டினேகாவால் சொல்ல முடியவில்லை. பெட்டி மாற்றி வைத்தவரை அந்தக் கூடத்துக்குள் மறுபடி விடமாட்டார்கள்.

“டூலிப் பத்திரிகையையாவது குடுத்துட்டுப் போ” என்றார்.

ரூலோஃப் கொடுத்தார்.

வரும் சனிக்கிழமை நகர நூலகத்தில் கடிதங்களும் பட்டியலும் ஒரே கண்ணாடிப் பேழையில் ரூலோஃப் ஹாவிங்காவின் பெயரோடு வைக்கப்படுகின்றன. திறப்பு விழாவுக்கான பாலாடைக்கட்டி டினேகாவின் கடையிலிருந்து போகிறது. அறுத்துப் பரிமாறத் தானே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.