பின்சீட்டு மாமா

டிவிஎஸ் ஐம்பதின் எண்ணெய்ப் புகை வாசனையோடு, அப்பாவின் தோளில் 'டப், டப்' என்று விழும் மாமாவின் உள்ளங்கைச் சத்தமும் சேர்ந்துதான் என் நினைவில் இருக்கிறது. ஒரு தட்டு என்றால் பின்னால் வண்டி வருகிறது. இரண்டு தட்டு என்றால் லாரி, உடனே சாலையை விட்டு இறங்கு. மதுராந்தகத்தில் எங்கள் தெருவே அவரைப் 'பின்சீட்டு' என்றுதான் கூப்பிட்டது.

அம்மாவின் அண்ணனான அவர், எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில், எதிரியின் பீரங்கிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவரும் சின்ன விமானத்தில் பறந்தவர். இரண்டே பேர் உட்காரும் அந்த விமானத்தில் ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. அதிகாரி முன்னால் ஓட்ட, மாமா கழுத்தைத் திருப்பிப் பின்வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ஜின் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால், எதிரி விமானம் தெரிந்தால் அதிகாரியின் தோளில் இரண்டு தட்டு. உடனே அவர் பிடியை முன்னால் தள்ளி விமானத்தைக் கீழே இறக்குவார். அப்படித்தான் ஒருநாள் இருவரும் பிழைத்தார்கள். "ஜெட்டு தலைக்கு மேல பூடுச்சி. நாங்க பனமரத்துக்குக் கீழ போய்கினு இருந்தோம்" என்பார் மாமா.

கார்கில் போர் நடந்த வருடம், என் பள்ளி ஆண்டுவிழாவுக்கு அந்த அதிகாரியே சிறப்பு விருந்தினராக வந்தார். ஓய்வுபெற்று மாமல்லபுரம் பக்கம் கடலோரத்தில் வீடு கட்டியிருந்தார். மேடையில் தன் பெயரைச் சொல்வார் என்று மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நானும் வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

அதே கதையைத்தான் அதிகாரி சொன்னார். "அன்னைக்கு விமானத்துல நான் மட்டும்தான். ஏதோ தோணுச்சு, சட்டுன்னு கீழே இறக்கிட்டேன்."

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. பின்வரிசையிலிருந்து எங்கள் பால்காரர் குனிந்து, "இன்னா அண்ணாத்த, பின்சீட்டு காலியாமே? நீ ரெக்க மேல குந்திகினு போனியா?" என்றார்.

விழா முடிந்ததும் மாமா, தலைமையாசிரியர் அறை வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்த அதிகாரியின் பின்னால் போய் நின்று, தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். அதிகாரி திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தலை சட்டென்று தாழ்ந்தது, கை எதையோ பிடித்து முன்னால் தள்ளியது, காபி சட்டையில் கொட்டியது. அதற்குப் பிறகுதான் திரும்பினார். மாமாவின் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"யாருப்பா நீ?"

"யாருமில்ல சார்."

வீடு திரும்பும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரி எங்களை உரசிக்கொண்டு போனது. தடுமாறி வண்டியை மண்ணில் இறக்கிய அப்பா, "இன்னா மச்சான், தட்டக் கூடாதா?" என்று கத்தினார். மாமாவின் இரண்டு கைகளும் மடியிலேயே இருந்தன. அதன்பின் அவர் யார் தோளையும் தட்டவில்லை.

மாமா இப்போது இல்லை, அந்த டிவிஎஸ்ஸும் இல்லை. அதிகாரியின் வீடு இருந்த இடத்தில் ஒரு விடுதி நிற்கிறது. கடைசிவரை, தனியாகப் பறந்ததாகத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தாராம். காரில் அந்த விடுதியைக் கடக்கும்போதெல்லாம், காபி கொட்டிய அந்தச் சட்டை என் கண்முன் வருகிறது.