பானட்டில் ஒரு கட்டைவிரல்

பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக வேலை பார்த்தவர் பெயிண்டர். வீட்டிலும் வெளியிலும் அவருக்குப் பெயர் அதுதான். முட்டி மோதி நசுங்கி வரும் வண்டிக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்து அவர் அனுப்பினால், மோதிய டிரைவரே வந்து எந்தப் பக்கம் மோதினோம் என்று தேட வேண்டும். அதில் அவருக்கு இருந்தது கொஞ்சநஞ்சக் கர்வமல்ல. கல்யாண வீட்டுக்குப் போனாலும் வாசலில் நிற்கும் கார்களைத் தடவிப் பார்த்து, "இது அடிபட்ட வண்டி, ரீபெயிண்ட்" என்று சொல்லிச் சொந்தக்காரர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்.

பகலெல்லாம் பெரிய வண்டி பார்த்தது போதாதென்று சாயங்காலம் சின்ன வண்டி. பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் துண்டுகளாக வரும் மாடல் கிட்களை வாங்கி, நறுக்கி, ஒட்டி, பெயிண்ட் அடித்து முழு வண்டியாக்குவார். நிஜ லாரியில் இருபத்துநாலில் ஒரு பங்கு அளவு. ஆனால் ரேடியேட்டர் முதல் சைலன்சர் வரை எல்லாம் இருக்கும். பின்னறை அலமாரியில் கார், லாரி என்று நாற்பத்தொன்று நின்றன. "சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாத மனுஷனுக்கு நாப்பத்தோரு வண்டி" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இந்த வேலையில் பசை என்பது தபால் ஒட்டுகிற பசை அல்ல. பிளாஸ்டிக்கைக் கரைத்து, இரண்டு துண்டை ஒரே துண்டாக்கிவிடுகிற திரவம். ஒட்டிய இடம் காய்வதற்குள் விரல் பட்டால் போச்சு, கைரேகை அப்படியே பிளாஸ்டிக்கில் அச்சாக விழுந்துவிடும். துடைத்தாலும் போகாது, கழுவினாலும் போகாது. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அப்படியொரு கட்டைவிரல், நீள மூக்கு வைத்த ஒரு லாரியின் பானட்டில் விழுந்து கிடந்தது. பெயிண்டரும் அவர் தம்பியும் சேர்ந்து செய்த முதல் லாரி அது. எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டு உட்காருவார்கள். சேஸிஸ், எஞ்சின், சக்கரம் தம்பியின் பொறுப்பு. கேபினும் பானட்டும் அண்ணனுடையது. வண்டியின் முகத்தை அவர் யாரிடமும் விடமாட்டார்.

"யாருடா கை வச்சது?"

"நான் இல்லைண்ணா. நான் அதைத் தொடவே இல்ல."

"நீ இல்லாம, பேயா வந்து வச்சுட்டுப் போச்சு? உன் கை பட்டா எதுவும் உருப்படாதுடா. எடுத்துட்டுப் போ. குப்பையில போடு."

தம்பி எல்லாத் துண்டுகளையும் பெட்டியில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. பேச்சு ஒன்றும் நின்றுவிடவில்லை. நல்லது கெட்டதுக்கு வந்தான், கல்யாணம் செய்துகொண்டான், லாரி டிரைவராகி ஊர் ஊராக ஓடினான். அந்த மேசையில் மட்டும் அவன் மறுபடி உட்காரவில்லை. வீட்டுக்கு வந்தால் அலமாரி முன்னால் நின்று ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்பான். "நல்லா இருக்குண்ணா" என்பான். பார்க்கிற நேரம் முழுக்க இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பான். பெயிண்டருக்கு அது கண்ணில் படாமலா இருக்கும்? பட்டது, உறுத்தியது. ஆனால் தப்பு என்று ஒத்துக்கொள்ளும் பழக்கம் அந்த மனுஷனுக்குக் கிடையவே கிடையாது.

நாலு வருஷத்துக்கு முன்னால், சரக்கு இறக்கக் காத்திருந்த லாரியில் சீட்டில் சாய்ந்தபடியே தம்பி போய்ச் சேர்ந்தான். மாரடைப்பு. பெயிண்டர் அழவில்லை. கல் நெஞ்சு என்று நாலு பேர் சொன்னதும் அவர் காதில் விழத்தான் செய்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் தம்பி மனைவி ஒரு துணிப்பையோடு வந்தாள். பைக்குள் அந்தப் பெட்டி, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, அப்படியே இருந்தது.

"மக வீட்டோட போயிடப் போறேன் அத்தான். இதை மட்டும் முடிச்சுக் குடுங்க, அவர் போட்டோ பக்கத்துல வைக்கணும். எத்தனை வீடு மாறினோம், இதை ஒரு இடத்துலயும் விட்டுட்டு வரல அவரு."

அவள் போன பிறகு பெட்டியைத் திறந்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் பளபளப்பில், பானட்டின் மேல் அந்த ரேகை மங்கலாகத் தெரிந்தது. அன்றைக்குத்தான் அழுதார். நாலு வருஷத்து அழுகையும் சேர்ந்து வந்தது. தம்பியை எரித்தாயிற்று, சட்டை துணியெல்லாம் யார் யாருக்கோ கொடுத்தாயிற்று. அவன் விரல் மட்டும் இங்கே இருந்தது.

அதிலிருந்து அவர் ஒரு மாதிரியாகிவிட்டார். தினமும் சாயங்காலம் பானட்டை எடுத்து, அந்த ரேகைமேல் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிர் நாற்காலியில் யாரோ மூச்சு விடுவது போலிருக்கும். நிமிர்ந்து பார்க்கப் பயம், பார்த்தால் போய்விடுவானோ என்று. மனைவி தினமும் காலையில் அந்த நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைப்பாள். மறுநாள் பார்த்தால் ஆள் உட்கார்ந்து எழுந்த மாதிரி வெளியே இழுபட்டிருக்கும்.

"ஏங்க, இதை நீங்கதானே இழுக்கிறீங்க?"

"நான் ஏன் இழுக்கப் போறேன்?"

 அதற்குப் பிறகு அந்த அறைக்குப் பெருக்க வருவதை அவள் குறைத்துக்கொண்டாள்.

பெயிண்டர் ஒரு முடிவு செய்திருந்தார். அந்தக் கட்டைவிரலைத் தேய்க்கப் போவதில்லை. வாழ்நாளெல்லாம் பிசிறு விடாதவர், இந்த ஒரு பிசிறை எல்லோரும் பார்க்கும்படி விட்டுவிடுவார். தம்பியிடம் கேட்காமல் போன மன்னிப்பை இப்படிக் கேட்டுவிடலாம் என்று நினைத்தார். அந்த நினைப்பே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பின்பக்கம் வெளிச்சத்தில் அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்து, பானட்டுக்குச் சாம்பல் நிறப் பிரைமரை மெலிசாக அடித்தார். பளபளப்பில் மறைந்திருக்கிற கீறல், பள்ளம் எல்லாவற்றையும் பிரைமர் வெளியே கொண்டுவந்துவிடும். பட்டறையில் அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். காய்ந்ததும் கையில் எடுத்து வெயிலில் திருப்பினார். ரேகைகள் ஒவ்வொன்றும் வரி வரியாக எழுந்து நின்றன. நடுவில், அந்த வரிகளையெல்லாம் குறுக்கே வெட்டிக்கொண்டு, சாய்வாக ஒரு கோடு ஓடியது.

பெயிண்டர் தன் வலது கட்டைவிரலைப் பார்த்தார். பத்தொன்பது வயதில் பட்டறையில் தகரம் கிழித்த தழும்பு அதே சாய்வில் ஓடியது. விரலை ரேகையின் மேல் வைத்தார். அச்சில் வார்த்த மாதிரிப் பொருந்தியது.

அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. தம்பியைத் திட்டியதற்கு முந்தின நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, ஒட்டு காய்ந்துவிட்டதா என்று பானட்டைத் தூக்கிப் பார்த்தவர் அவர்தான். பொறுமை கெட்டவர் அவர்தான்.

உடனே உள்ளே ஓடி தம்பி செய்த பாகங்களை எடுத்து வந்தார். சேஸிஸ், எஞ்சின், பத்துச் சக்கரம். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு ஒட்டாகத் தேடினார். ஓரத்திலாவது, அடியிலாவது, அரை விரல், கால் விரல். எங்கேயும் இல்லை. பசை ஒரு சொட்டுக்கூடப் பிதுங்கவில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன் அத்தனை சுத்தமாக வேலை செய்திருந்தான். தம்பியின் கை அந்த லாரியில் எங்கேயும் படாதது போல இருந்தது.

மூன்று மாதமாக அவர் தடவித் தடவி உட்கார்ந்திருந்தது தன் விரலையேதான்.

லாரியை வாங்கிப் போகத் தம்பி மனைவி வர மூன்று நாள் இருந்தது. உப்புத்தாள் மேசையிலேயே கிடந்தது. தேய்த்தால் ஐந்து நிமிஷ வேலை. முப்பத்தொரு வருஷத்துத் தப்பு தடமில்லாமல் போய்விடும். தடமில்லாமல் ஆக்குவதுதானே அவர் தொழில்! எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். தேய்க்க மனசு வரவில்லை. அதன் மேலேயே சிவப்பு அடித்து, சக்கரங்களைப் பூட்டி, லாரியை முடித்தார்.

அவள் வந்ததும், உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"இது அவன் கை இல்லம்மா. என் கை. சும்மா அவனைத் திட்டிட்டேன்."

அவள் லாரியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"தெரியும் அத்தான். அவருக்கும் தெரியும். வெயில்ல இப்படிச் சாய்ச்சுப் பிடிச்சு எனக்குக் காட்டியிருக்காரு. 'பாரு, எங்கண்ணன் தழும்பு'ன்னு."

"அப்ப ஏம்மா அவன் எங்கிட்டச் சொல்லல?"

"நானும் கேட்டேன். 'ஒரு தடவை சொன்னேன், நம்பல. ரெண்டாவது தடவை எதுக்குச் சொல்லணும்'னாரு." லாரியைத் துணியில் சுற்றத் தொடங்கியவள் கொஞ்சம் நின்றாள். "கோவம்தான். ஆனா தூக்கிப் போட விடமாட்டாரு. தூரமா வண்டி எடுக்கறப்ப, பெட்டியத் திறந்து அதுமேல ஒரு தடவை விரலை வச்சுட்டுத்தான் கிளம்புவாரு."

 அவள் லாரியைக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் பின்னறைக்குப் போனார். எதிர் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். இந்தத் தடவை இழுப்பது தெரிந்தே இழுத்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. தைரியமாக நிமிர்ந்து பார்த்தார். வெறும் நாற்காலி.

"சரிடா" என்றார். "நீ இல்ல."

அறை வாசலில் நின்ற மனைவி அதைக் கேட்டாள். உள்ளே வந்து அந்த நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்தாள்.