எண்ணெய் ஊரில் மாமாவின் கடை

ஓர் ஊர் வளர்ந்த கதையை பினாங்கில் டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே நாங்கள் கேட்டு முடித்தோம். அங்கிருந்து கப்பலேறினால் கடலுக்கு அக்கரையில், சுமத்திராவில் இருந்தது பங்காலான் பிராண்டான் என்ற அந்த எண்ணெய் ஊர். என் தாய்மாமா கல்யாணமான கையோடு மாமியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, அங்கே சோற்றுக்கடை வைக்கப் போனார். நோன்புப் பெருநாளுக்கு மட்டும் வருவார்.

வந்ததும் ஊர் வரலாறு தொடங்கும். முதலில் அங்கே சதுப்பும் கொசுவும்தான். புகையிலைத் தோட்டத்து வெள்ளைக்காரன் ஒருவன் மழைக்குக் குடிசையில் ஒதுங்கியபோது காவல்காரன் பந்தம் கொளுத்தினானாம். அது காற்றுக்கும் அணையவில்லையாம். எதில் நனைத்தாய் என்று கேட்டதற்கு, குட்டையில் மிதந்த வழுவழுப்பைக் காட்டினானாம். அப்புறமென்ன, பூமியைத் துளைத்தார்கள், குழாய் பதித்தார்கள், ஆற்றோரம் ஆலை எழும்பியது. சீனர் வந்தார்கள், ஜாவாக்காரர் வந்தார்கள், ரயிலும் வந்தது. பந்தத்தைத் தானே பிடித்துக்கொண்டு நின்றதுபோல மாமா சொல்வார். அதெல்லாம் மாமா பிறப்பதற்கு முன்னால் நடந்தது என்று அத்தா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

பெருநாளுக்குப் பெருநாள் ஊர் பெரிதானது. கூடவே மாமாவின் கடையும். பலகைக் கடைக்கு ஓட்டுக்கூரை வந்தது, பிறகு கண்ணாடி அலமாரி, பளிங்கு மேசை. மாமியை எப்போது அழைத்துப் போகிறாய் என்று அம்மா கேட்டால் மட்டும், "மாடி கட்டிக்கிட்டிருக்கேன் அக்கா, முடியட்டும்" என்பார். மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஒருநாள் அந்த ஊர் ஆலையில் வேலை பார்ப்பவர் ஒருவர், மாமா கொடுத்தனுப்பிய கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தார். அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். கதவுக்குப் பின்னால் நின்ற மாமி, "மாமா கடை எப்படியிருக்குன்னு கேளு" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். கேட்டேன்.

"கடையா?" அவர் சிரித்துவிட்டார். "கடை எங்க பாப்பா! தோள்ல காவுதடி, ஒரு பக்கம் நாசிச் சோறு, ஒரு பக்கம் மீன் ஆணம். ஆலை வாசல்ல நின்னு விப்பாரு. தனியா அரைச்சு, தனியா ஆக்கி, தனியா சொமந்து, தோளெல்லாம் புண்ணு. ஆனா நல்ல மனுசன் லா. பசிக்குதுன்னு நின்னா சும்மா அனுப்பமாட்டாரு."

மாமி அழுவாள் என்று நினைத்தேன். அந்நியர் முன்னால் வாயே திறக்காதவள், கதவிடுக்கு வழியாக, "புண்ணுக்கு மருந்து போடுறாரா?" என்று கேட்டாள்.

"யாரும்மா போட்டுவிடுறது?" என்றார் அவர்.

அம்மா திரும்பி வந்ததும் கடையைப் பற்றித்தான் விசாரித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டாள்.

"ரொம்பப் பெருசா ஆயிடுச்சாம், மதினி. மாடியும் முடிஞ்சிருச்சாம். அவரால தனியா சமாளிக்க முடியலையாம். நான் போறேன்."

அக்கரைக்குப் போகும் ஓர் உறவுக் குடும்பத்தை அத்தா துணைக்குப் பிடித்தார். புறப்படும் நாள் மாமி அம்மியைச் சாக்கில் கட்டுவதைப் பார்த்த அம்மா, "அவ்வளவு பெரிய கடையில அம்மி இருக்காதா?" என்றாள். மாமி குனிந்தபடியே முடிச்சை இறுக்கினாள். அம்மா மேலே ஒன்றும் கேட்காமல், தைலப் போத்தலொன்றை எடுத்துவந்து துணி சுற்றிச் சாக்கின் ஓரத்தில் செருகினாள்.

அந்த ஊரில் அவர்களுக்கு நிஜமாகவே ஒரு பலகைக் கடை எழும்ப இன்னும் சில வருஷங்கள் ஆயின. அன்று துறைமுகத்தில் நின்ற எனக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? இத்தனை பொய் சொன்ன மாமாவோடு சண்டை போடத்தான் மாமி போகிறாள் என்று உறுதியாக நம்பினேன். சண்டைக்குப் போகிறவள் எதற்காகக் கண்ணுக்கு மை இட்டுக்கொண்டு, கப்பல் மறையும்வரை சிரித்துக்கொண்டே கையசைத்தாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.