எதிர்க்கடை ஸ்டெல்லா

ஸ்ரீபெரும்புதூரில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலம் அது. எனக்கு நேர் எதிரில் ஸ்டெல்லா என்பவள் ஏ.சி. போட்டு இன்னொன்று திறந்தாள். அவள் வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் அன்று காலை, என் பழைய கம்ப்யூட்டரில் இருந்த வைரஸை ஒருவழியாக நீக்கினேன். கூடவே இன்டர்நெட்டும் போய்விட்டது. கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டே பரீட்சை எழுதியிருந்த மதுரைப் பெண் கற்பகம், பக்கத்தில் நகம் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எதுத்த கடையில பாத்துட்டு வந்துர்றேன்க்கா."

"இரு, இதோ வந்துடும்" என்று அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். வரவில்லை.

அப்போது ஸ்டெல்லாவே உள்ளே வந்தாள். "எங்கடையில நிக்கவே இடமில்லக்கா. கொஞ்சம் பேரை இங்க அனுப்பட்டா?"

நெட் வரவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது; ஆனாலும் சொன்னேன். கேட்டதும் அவளே உட்கார்ந்து பார்த்தாள்.

"நெட்டு தன் வழியாத்தான் போவணும்னு வைரஸ் மாத்தி வெச்சிக்கீதுக்கா. அது போயும் செட்டிங் அப்படியே கீது." ஒரே ஒரு டிக்கை எடுத்தாள். பக்கம் திறந்தது.

கற்பகம் பாஸ். அழுதுகொண்டே அவள் கட்டிப்பிடித்தது ஸ்டெல்லாவைத்தான்.

அதுவரை ஸ்டெல்லாவின் ஏ.சி.யைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். அன்றைக்குப் பிறகு அவள் மனசைப் பார்த்து. இந்தப் பொறாமை இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்றும் தோன்றவில்லை.