தெரிந்த பெயரில் வந்த மின்னஞ்சல்

இல்லை, செய்தியைப் பார்த்ததும் நான் அழவில்லை. தொலைபேசியை எடுத்தேன். "தெரிஞ்ச பேரில வாற எதையும் கூப்பிட்டுக் கேட்டிட்டு நம்புங்கோ" என்று மாவட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்த றெஜினா அக்கா இறந்துவிட்டார் என்று ஒரு குறுஞ்செய்தி. அவருடைய எண்ணுக்கே எடுத்தேன்.

"ஓம், சொல்லுங்கோ."

அவரின் குரல். எனக்கு மூச்சு வந்தது.

"நான் அவவின்ர தங்கச்சி கதைக்கிறன்," என்றது அதே குரல். "உண்மைதான்."

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அரச கந்தோர்களின் கணினிகளைத் திருடரிடமிருந்து காக்க ஆட்களைப் பழக்குவது எங்கள் வேலை. இந்தக் கரைக்கு நாங்கள் இருவர்தான். சிலாவத்துறையில் ஒருமுறை, மதியம் றால் கறி, பேர் பதியவும் என்று பயிற்சிக்காகப் பொய் மின்னஞ்சல் அனுப்பினார். எல்லோரும் கடவுச்சொல்லைக் கொடுத்துப் பதிந்தார்கள்.

"நீங்கள் அனுப்பினதெண்டுதானே மிஸ் திறந்தனாங்கள்!"

"கள்ளனுக்கும் என்ர பேர் தெரியும்."

"அப்ப றால் இல்லையோ?"

அடுத்த பயிற்சிக்கு அக்கா றால் கறிச் சட்டியோடு வந்தார்.

இறந்தவரின் மின்னஞ்சல் கணக்கை அன்றே மூட வேண்டும். அவரே எழுதிய விதி. "முப்பத்தோராம் நாள் பூசை முடியட்டும் பிள்ளை. இப்பவே பேரை வெட்டுறதோ?" என்றார் மீன்பிடிக் கந்தோரின் பிரதம இலிகிதர். நானும் விட்டுவிட்டேன்.

பதினோராம் நாள் காலை கந்தோரில் எல்லோருக்கும் றெஜினா அக்காவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

"சாப்பிட்டீங்களோ? இனி விசயத்துக்கு வாறன்."

எப்போதும் அப்படித்தான் தொடங்குவார். படகுப் பதிவேட்டின் கடவுச்சொல் காலாவதியாகிறதாம். கீழே பதிய வேண்டுமாம். பேசாலை முதல் முசலி வரை ஒவ்வொரு மீனவரின் அடையாள அட்டை எண்ணும் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது.

ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். "சாக முதல் எழுதி வச்சிருப்பா," என்று இலிகிதர் தட்டத் தொடங்கினார். கையைப் பிடித்தேன்.

"விடுங்கோ பிள்ளை. அவ கேக்கிறா."

நுழைவுப் பதிவைத் திறந்து காட்டினேன். விடியற்காலையிலிருந்து, எங்கோ ஒரு வெளிநாட்டில் இருந்தபடி, யாரோ அவரின் கணக்குக்குள் இருந்தார்கள். பழைய மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகத் திறந்திருந்தார்கள். அவரைப்போலச் சாப்பாடு விசாரிக்கப் பழகியிருந்தார்கள். திரையில், அவரின் பெயருக்கு அருகே, பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் பழக்கிய சந்தேகம். அதை முதலில் அவர் மேலேயே வைக்க வேண்டியிருந்தது.

கணக்கை மூடினேன். புள்ளி அணைந்தது. அவரின் தங்கைக்குத் தொலைபேசியில் சொல்லவில்லை. நேரில் சொல்ல, அவர் இருக்கும் பேசாலைக்கு பஸ் ஏறினேன்.