சின்னம்மாவின் சாக்கு

மலையூரான கம்போங் ராஜாவில் என் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இப்போது ஒரு சண்டை மீன் இருக்கிறது. நீலச் செதில், சிவப்பு வால். குளிருக்கு ஹீட்டர் போட்டிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் என் கையில் ஒரு மீன்கூடக் குளிரில் செத்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்வேன். ஆனால் அந்தப் பெருமையில் பாதி என்னுடையது இல்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். அம்மா தவறிப்போய், அப்பா சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு வந்த வருஷம் அது. சின்னம்மா கொழுந்து பறிக்கப் போவார். நான் அவரிடம் தேவைக்குத்தான் பேசுவேன்.

காய்கறி லோரி ஓட்டும் மாமா, மலைக்குக் கீழே ஈப்போவிலிருந்து ஊறுகாய் பாட்டிலில் ஒரு சண்டை மீன் கொண்டுவந்தார். முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே காட்டினார். மீன் செவுளை விரித்துச் சிலிர்த்தது.

"பாத்தியா, தன்னையே எதிரின்னு நெனைக்குது லா!"

ஜன்னலோரம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் மீன் அடியில் படுத்துக்கொண்டது. கண்ணாடி காட்டினேன், அசையவில்லை. மறுநாள் விடியலில் ஜன்னலில் பாட்டில் இல்லை. தேடினால், அடுப்பங்கரையில் விறகடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் இருக்கிறது.

"என் மீனை அவிக்கப் பாக்குறீங்க!" என்று கத்தினேன்.

"ஆமாடி, புளி கரைச்சிட்டேன். நீ தேங்கா துருவு" என்றார் சின்னம்மா.

பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போய் மறுபடி ஜன்னலில் வைத்தேன். சாயங்காலம் மீன் ஒருக்களித்துக் கிடந்தது. நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சின்னம்மா திட்டவில்லை. பாட்டிலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஐஸ் தண்ணி லா இது. உனக்கு மட்டும் சுவெட்டர் வேணும், அதுக்கு வேணாமா?"

திரும்ப அந்தப் பலகையில் வைத்தார். காலையில் நான் எழுந்தபோது பாட்டிலைச் சுற்றி ஒரு கனத்த சாக்கு கட்டியிருந்தது. அடுப்பு அணைந்த பிறகும் சூடு நிற்கட்டும் என்று கட்டியிருக்கிறார். அவர் வேலைக்குப் போயிருந்தார்.

பள்ளி விட்டு ஓடிவந்து சாக்கை அவிழ்த்தேன். மீன் மேலே வந்து நின்றது. கண்ணாடியைக் காட்டியதும் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது! சின்னம்மா வாசலில் கூடையை இறக்கும்போதே போய்ச் சொன்னேன். நானாக அவரிடம் ஓடிப்போய்ச் சொன்ன முதல் சேதி அதுதான். அவர் சேலை இடுப்பிலிருந்து கீழே சொட்டச் சொட்ட நனைந்து, உடம்பு நடுங்கியது.

"என்ன இப்படி நனைஞ்சிருக்கீங்க?"

"மழை லா" என்றார்.

நானும் மழை என்றே நம்பினேன். எஸ்டேட்டில் பிறந்த பிள்ளைதான் நான். பனியில் ஊறிய தேயிலைச் செடிக்குள் நுழையும் பொம்பளைகள் நனையாமல் இருக்க இடுப்பில் ஒரு சாக்கைக் கட்டிக்கொள்வார்கள் என்பதும், வேலைக்குப் போகும் ஓர் ஆளுக்கு ஒரு சாக்குதான் என்பதும் எனக்குத் தெரியும். நான் அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தது எந்தச் சாக்கு என்றுதான் அன்று தெரியவில்லை.