பக்கத்து வீட்டுப் பெண்

என் தங்கைக்கு மூன்று வயது வரை பேச்சு வரவில்லை. வந்த பிறகு நிற்கவில்லை. மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் விட்டால் போதும், ஓசூர் பஸ் கிளம்புவதற்குள் கண்டக்டருக்கு எத்தனை பிள்ளைகள், அதில் யாருக்குப் பல் வலி என்று தெரிந்துகொண்டு வருவாள். தெலுங்குக்காரரிடம் தெலுங்கு, கன்னடக்காரரிடம் கன்னடம். சட்டைக்குப் பொத்தான் போடத் தெரியாது. பத்துக்கு மேல் எண்ண வராது. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். ஆனாலும் ஊரே அவளுடையது.

நான் வகுப்பில் முதல். யாருக்கு வேண்டும் அது? கடைக்குப் போனால், "தங்கச்சி வரலியா?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு வயிறு எரியும். சில நாள் வேண்டுமென்றே அவளை விட்டுவிட்டுச் சுற்றுவழியில் போவேன். அந்தத் தெருவிலும் அவளைத்தான் விசாரிப்பார்கள்.

பல வருடம் கழித்து, அவள் இதயத்தில் கேட்ட இரைச்சலுக்காகப் பெங்களூரில் பார்த்த டாக்டர் காரணம் சொன்னார். பிறவியிலேயே ஒரு குரோமோசோமில் துளி விட்டுப்போயிருக்கிறது, இப்படிப் பிறக்கிறவர்களுக்கு அந்நியர் என்று யாருமே கிடையாது என்றார். மனிதன் பேசக் கற்றதே ஒட்டி வாழும் ஆசையால்தானோ என்று இவர்களை வைத்து யோசிக்கிறவர்களும் உண்டாம். எனக்கு எதுவும் விட்டுப்போகவில்லை. நாலு பேர் முன்னால் வாய்தான் திறக்காது.

எண்பதுகளின் கடைசியில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் தங்கையைப் பார்த்ததும், "நாளைக்குப் பொறக்கறதும் இப்டி இருந்தா?" என்று எழுந்து போயிருந்தார்கள். அதனால் இந்த முறை அம்மா அவளைப் பக்கத்து வீட்டில் உட்காரவைத்தாள்.

அவள் எங்கே உட்கார்ந்தாள்? கேசரித் தட்டு வருவதற்குள் பின்வாசல் வழியாக வந்து, மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் கர்நாடகத்தில் ஆனேக்கல் பக்கம் குடியேறிய குடும்பம். "ஊட்ட ஆய்த்தா?" என்று கன்னடத்தில் சாப்பாடு ஆச்சா கேட்டு ஆரம்பித்தாள். ஐந்து நிமிடத்தில் அந்த அம்மாள் தன் முழங்கால் வலியைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை ஒரே தடவை பார்த்திருந்த மாப்பிள்ளை அவள் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. அவரும் அவள் பக்கம்.

"இந்தப் பாப்பா உங்க பொண்ணுங்களா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அன்றைக்கு நான் வாய்விட்டுப் பேசியது அப்போதுதான்.

"இல்லீங்க, பக்கத்து வூட்டுப் பொண்ணு."

வரன் போய்விடுமோ என்ற பயத்தில் சொன்னேன் என்றுதான் பிறகு அம்மாவிடம் சொன்னேன். பயம் பாதிதான். மீதி பொறாமை.

தங்கை என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க, பக்கத்து வூடுதான்," என்றாள். "அந்த அக்கா ரொம்ப நல்லவங்க. கட்டிக்கோங்க."

கல்யாணம் பாலக்கோட்டில் நடந்தது. அவள் பக்கத்து வீட்டாரோடு வந்து இறங்கினாள், அவர்களோடே பந்தியில் உட்கார்ந்தாள். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. போட்டோ எடுக்கும்போது மாமியார் அவளைக் கூட்டத்தில் தேடிப் பிடித்து, "நீயும் வந்து நில்லு பாப்பா," என்று கையைப் பிடித்து இழுத்தார்.

"வூட்டு ஆளுங்கதாங்க நிக்கணும்," என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

மாமியார் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு, நான் அதற்கும் பொறாமைப்பட்டேன்.